மெட்டு ஒருவர், சொல் ஒருவர், குரல் நால்வர்

ஒரு பாட்டை எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள்?

பழைய இசைத்தட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பாடியவர் பெயர் அதில் பெரிதாக இருக்கும். பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அவர்கள்தான் பாட்டை எழுதியவர்கள்.

பெரிய எழுத்தில் இருப்பவருக்குத்தான் பெரிய பணம் போகும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ரேடியோவில் அந்தத் தட்டு ஓடினால், பொடி எழுத்துக்காரருக்குப் பணம் வரும். பெரிய எழுத்துக்காரருக்குக் காலணா வராது!

இது நியாயமா? பாட்டு பிறக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பிராட்வேயில் ஒரு பட்டறை

நியூயார்க் நகரில் பிராட்வே என்று ஒரு வீதி. நாடகக் கொட்டகைகளுக்குப் பேர்போன வீதி. அதில் 1619-ம் எண் கட்டிடத்தின் பெயர் பிரில் கட்டிடம். மாடிக்கு மாடி பாட்டு வியாபாரிகள் இருந்த கட்டிடம் அது. கொஞ்சம் தள்ளி 1650-ம் எண். அங்கே டான் கிர்ஷ்னர், அல் நெவின்ஸ் என்ற இருவர் 1958-ல் "ஆல்டன் மியூசிக்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

பாட்டு எழுதுகிறவர்களை வைத்து எழுத வாங்குவது, அதைப் பாடகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதுதான் தொழில்.

சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ. மெட்டுப் போடுகிறவர் உட்கார ஒரு பெஞ்சு. சொல் எழுதுகிறவர் உட்கார ஒரு நாற்காலி. அவ்வளவுதான். அடுத்த அறையில் வாசிப்பது சுவரைத் தாண்டிக் காதில் விழும். எந்த மெட்டு தன்னுடையது, எது பக்கத்து அறைக்காரருடையது என்பதே சில சமயம் குழம்பிப்போகும்!

எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் 20 வயதை ஒட்டிய பிள்ளைகள். அதிலும் ஜோடி ஜோடியாக எழுதினார்கள். சில ஜோடிகள் கணவன்-மனைவி. ஜெரி கோஃபினும் கரோல் கிங்கும் ஒரு ஜோடி. பாரி மானும் சிந்தியா வைலும் இன்னொரு ஜோடி. இந்த இரண்டு ஜோடிகளுக்கும் கடும் போட்டி. ஆனால் சிநேகிதமும் அதே அளவு. விடுமுறைக்குச் சேர்ந்தே வெளியூர் போவார்கள். திரும்பி வந்ததும் மறுபடி ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள்.

"இந்தக் குழுவுக்கு அடுத்த பாட்டு வேண்டும்" என்று கிர்ஷ்னர் சொல்லிவிடுவார். எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். ஒருவருடைய பாட்டுதான் தேறும். மற்றவர்கள் அடுத்த பாட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மனைவி போட்ட மெட்டு

1960-ம் வருடம். கரோல் கிங்குக்கு 18 வயது. கையில் ஒரு பெண் குழந்தை. கணவர் ஜெரிக்கு 21 வயது. பகலில் அவருக்கு ரசாயனக் கூடத்தில் வேலை. பாட்டு எழுதுவது மாலையில்தான்.

"ஷிரெல்ஸ்" என்ற பாடகிகள் குழுவுக்குப் பாட்டு வேண்டும் என்று கிர்ஷ்னர் கேட்டிருந்தார். நியூஜெர்சி மாநிலத்தில் பசேயிக் என்ற ஊர்க்காரப் பெண்கள் அவர்கள். ஷெர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஆடி ஹாரிஸ், பெவர்லி லீ. நால்வரும் கறுப்பு இனத்தவர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் பாடப்போய், அதிலிருந்து தொழிலாகிப்போனது. ஒருவர் முன்னின்று பாடுவார், மூவர் பின்பாட்டுப் பாடுவார்கள்.

கரோல் பியானோவில் மெட்டைப் போட்டார். அதை டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்தார். கணவருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, சிநேகிதிகளோடு மாஜாங் ஆடப் போய்விட்டார். மாஜாங் என்பது சீனாவிலிருந்து போன காய் ஆட்டம்.

வீடு திரும்பிய ஜெரி டேப்பைப் போட்டுக் கேட்டார். சொற்கள் வந்தன. கரோல் வந்ததும், பாட்டின் நடுவே திரும்புகிற பகுதியை இருவரும் உட்கார்ந்து முடித்தார்கள்.

என்ன பாட்டு? ஓர் இளம்பெண் தன் காதலனைப் பார்த்துக் கேட்கிறாள். இன்று இருக்கிற அன்பு நாளைக்கும் இருக்குமா என்பதே கேள்வி. ஒரு பெண்ணின் மனத்தில் இருக்கும் அச்சம் அது. மெட்டைப் போட்டது பெண். அந்த அச்சத்துக்குச் சொல் கொடுத்தது ஆண்! இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மெட்டிலேயே பாதிக் கேள்வி இருந்தது என்பதைப் பாட்டைக் கேட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள். மனைவி வாசித்து வைத்ததைக் கணவன் காது கொடுத்துக் கேட்டான். எத்தனை வீட்டில் இது நடக்கிறது?

பாடமாட்டேன் என்றார்!

பாட்டு தயார். இனிப் பாடவேண்டியதுதான் பாக்கி என்று நினைக்காதீர்கள். முன்னின்று பாடும் ஷெர்லி ஓவன்ஸ் மாதிரிப் பதிவைக் கேட்டார். கரோல் தானே பியானோ வாசித்துப் பாடிய பதிவு அது. ஷெர்லிக்குப் பிடிக்கவில்லை. நாட்டுப்புறத்து வெள்ளைக்காரர் பாடும் பாட்டைப்போல இருக்கிறது, எங்களுக்குப் பொருந்தாது என்றார்.

ஷெர்லி சொன்னதில் தப்பு இல்லை. வெறும் பியானோவோடு கேட்டால் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் கரோல் வயலின் கூட்டத்துக்கும் தாமே இசை எழுதினார். அதற்கு முன் அவர் அந்த வேலையைச் செய்தது இல்லை. ஒலிப்பதிவு நாளில் வயலின்கள் எழுந்தன. ஷெர்லியின் மனம் மாறியது.

பாட்டின் பெயர் "வில் யூ லவ் மீ டுமாரோ". 1960 நவம்பரில் இசைத்தட்டு வெளிவந்தது. 1961 ஜனவரி கடைசியில், அமெரிக்கா முழுவதும் விற்கும் தட்டுகளின் பட்டியலில் அது முதல் இடத்துக்கு வந்தது. கறுப்பு இனப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது அதுவே முதல் தடவை. ஜெரி ரசாயனக் கூடத்து வேலையை விட்டுவிட்டார்.

இந்தப் பாட்டை ஜெரியும் கரோலும் முதலில் வேறொரு பாடகருக்காகத்தான் நினைத்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. ஜானி மேத்திஸ் என்ற பெரிய பாடகர். அவருடைய கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நல்லதாகப் போயிற்று! மேத்திஸ் பாடியிருந்தால் இனிமையான ஆண் பாட்டு ஒன்று கிடைத்திருக்கும். 19 வயதுப் பெண் கேட்கும் கேள்வி கிடைத்திருக்காது.

பட்டறைப் பாட்டு மட்டமா?

"மணி அடித்தால் எழுதுவது என்ன பாட்டு? கலை என்பது தானாக வரவேண்டாமா? நாலு பேர் சேர்ந்து செய்தால் அது சாமான், பாட்டு ஆகாது." இப்படிச் சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரியாகத் தெரியவில்லை. வளையல் செய்கிற ஆசாரி யாருடைய கைக்கு என்று கேட்டு அளவெடுக்கிறான். அதனால் வளையல் மட்டமாகிவிடுமா? இன்ன குழு பாடப்போகிறது, இன்ன குரல் முன்னால் வரப்போகிறது என்று தெரிந்து எழுதினால், சொல்லும் மெட்டும் அந்தக் குரலுக்கு ஏற்றபடி அமையும். யாருக்கும் இல்லாமல் எழுதிய பாட்டு யாருக்கும் பொருந்தாமலே போய்விடுவதும் உண்டு.

அந்தப் பட்டறைகளில் ஏராளமான குப்பையும் வந்தது. அதை மறைக்கவேண்டியது இல்லை. வாரத்துக்கு இத்தனை பாட்டு என்று எழுதினால் பத்தில் எட்டு தேறாது. தேறிய இரண்டு இன்றைக்கும் நிற்கின்றன. தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களின் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

மோட்டார் ஊரின் பாட்டு

டெட்ராய்ட் என்பது மோட்டார் கார் செய்யும் ஊர். அங்கே போர்டு கம்பெனியின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் பெரி கார்டி. 1959-ல் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கினார். "மோடவுன்" என்று பின்னால் உலகம் முழுவதும் பெயரெடுத்த கம்பெனி அந்தக் கடனில்தான் தொடங்கியது. வெஸ்ட் கிராண்டு புலவார்டு தெருவில் ஒரு வீட்டை வாங்கி, அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்.

தொழிற்சாலையில் கார் ஒவ்வொரு கையாகத் தாண்டிப் போகும். ஒருவர் கதவு மாட்டுவார், ஒருவர் சக்கரம் மாட்டுவார். கார்டி பாட்டையும் அப்படியே செய்யச் சொன்னார். வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் கூடும். புதிய பாட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள். கடைசி ஒரு டாலர் கையில் இருந்தால் இந்தத் தட்டை வாங்குவீர்களா, அல்லது சாப்பிட ரொட்டி வாங்குவீர்களா என்று கார்டி கேட்பார். ரொட்டி என்று பதில் வந்தால் பாட்டு திரும்பிப் போய்விடும். பசித்தவன் காசைக் கொண்டு பாட்டை எடைபோட்டார் மனிதர்!

அந்தக் கம்பெனியில் மூவர் கூட்டணி ஒன்று இருந்தது. பிரையன் ஹாலந்து, லமான்ட் டோசியர், எடி ஹாலந்து. பிரையனும் லமான்ட்டும் மெட்டுப் போட்டு ஒலிப்பதிவையும் கவனிப்பார்கள். பிரையனின் அண்ணன் எடி சொல் எழுதுவார். முன்னின்று பாடுகிறவருக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுப்பதும் எடிதான். "சுப்ரீம்ஸ்" என்ற பெண்கள் குழு முதல் இடம் பிடித்த 12 பாட்டுகளில் 10 பாட்டுகள் இந்த மூவர் எழுதியவை.

எடி ஹாலந்து ஏன் பாட்டெழுத வந்தார் என்பது கவனிக்கவேண்டிய செய்தி. அவர் முதலில் பாடகர். 1962-ல் அவர் பாடிய தட்டு ஒன்று நன்றாகவே ஓடியது. ஆனால் பாடியவருக்குக் கம்பெனிக் கணக்கில் கடன்தான் நின்றது. பாட்டெழுதிய தம்பிக்கோ பணம் வந்துகொண்டே இருந்தது. தம்பியின் கணக்குச் சீட்டைப் பார்த்த அண்ணன், மேடையை விட்டுப் பேனாவை எடுத்தார். அமெரிக்கப் பாட்டுத் தொழிலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே போதும்.

அதே ஊரில் "ஃபோர் டாப்ஸ்" என்று ஒரு குழு. நான்கு ஆண்கள். 1950-களின் தொடக்கத்தில் சேர்ந்த அந்த நால்வரும், 1997-ல் ஒருவர் இறக்கும் வரையில் பிரியவே இல்லை. 40 வருடத்துக்கு மேல்! அண்ணன் தம்பிகளே அவ்வளவு காலம் சேர்ந்து இருப்பது அபூர்வம்.

அவர்களுடைய முன்பாட்டுக்காரர் லீவை ஸ்டப்ஸ். கனத்த, ஆழமான குரல். மூவர் கூட்டணி என்ன செய்தது தெரியுமா? அவருக்குச் சௌகரியமான சுருதியில் பாட்டை அமைக்கவில்லை. கொஞ்சம் மேலே ஏற்றி அமைத்தார்கள். எட்டிப் பிடிக்கப் போராடுகிற குரலில் ஒரு தவிப்பு வரும் அல்லவா? அந்தத் தவிப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. காதலுக்காகக் கெஞ்சுகிற பாட்டைச் சுகமாகப் பாடினால் யார் நம்புவார்கள்?

1964-ல் வந்த "பேபி ஐ நீட் யுவர் லவிங்" என்ற பாட்டின் வாத்திய இசை முதலிலேயே பதிவாகிவிட்டது. சொல் இல்லாமல் அது காத்துக் கிடந்தது. பிறகு சொல் வந்தது. ஃபோர் டாப்ஸ் குழுவை அழைத்துப் பாடவைத்தார்கள். மெட்டும் வாத்தியமும் முன்னால், சொல் பின்னால், குரல் கடைசியில். இதுவும் ஒரு வழி.

பின்பாட்டு யாருடையது?

"டெம்டேஷன்ஸ்" என்பது ஐந்து ஆண்கள் கொண்ட குழு. 1964 டிசம்பரில் வெளிவந்து, 1965 மார்ச்சில் முதல் இடம் பிடித்தது அவர்களுடைய "மை கேர்ள்". எழுதியவர்கள் ஸ்மோக்கி ராபின்சன், ரொனால்டு ஒயிட். இருவரும் "மிராக்கிள்ஸ்" என்ற இன்னொரு குழுவின் பாடகர்கள்.

டெம்டேஷன்ஸ் குழுவில் அதுவரை மற்றவர்களே முன்னால் நின்று பாடினார்கள். டேவிட் ரஃபின் என்ற புதியவர் பின்வரிசையில் இருந்தார். அவர் குரலில் கரகரப்பும் இனிமையும் சேர்ந்து இருப்பதை ராபின்சன் கவனித்தார். அந்தக் குரலை நினைத்துக்கொண்டே பாட்டை எழுதினார்.

பின்பாட்டு? அதை ராபின்சன் எழுதவில்லை. நீங்கள்தான் அதில் கெட்டிக்காரர்கள், நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள் என்று குழுவிடம் விட்டுவிட்டார். டெம்டேஷன்ஸ் பாடகர்களே பின்பாட்டை அமைத்தார்கள். இதை ராபின்சன் மறைக்கவில்லை. அவரே சொல்லியிருக்கிறார்.

பாட்டின் தொடக்கத்தில் கித்தார் ஒன்று படிப்படியாக மேலே ஏறும். உலகம் முழுவதும் அந்தச் சில சுரங்களைக் கேட்டதும் பாட்டு இன்னதென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதை வாசித்தவர் ராபர்ட் ஒயிட். இவர் வேறு, பாட்டெழுதிய ரொனால்டு ஒயிட் வேறு. மோடவுன் கூடத்தில் கூலிக்கு வாசித்த வாத்தியக்காரர்களில் ஒருவர். அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் பல வருடம் தட்டிலும் உறையிலும் வரவில்லை. 1971-ல்தான் முதல் முதலாக வந்தது.

2002-ல் அந்த வாத்தியக்காரர்களைப் பற்றி ஒரு படம் வந்தது. அதில் ராபர்ட் ஒயிட்டைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. ஒரு நாள் அவர் ஓட்டலில் சாப்பிடப் போனார். அங்கே இந்தப் பாட்டு ஒலித்தது. பரிமாறுகிறவரிடம், "இதை வாசித்தது நான்தான்" என்று சொல்ல வாயெடுத்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். யாரோ கிழவன் உளறுகிறான் என்று நினைத்துவிட்டால்? பேசாமல் சாப்பாட்டைச் சொன்னார். படம் வருவதற்கு முன்பே, 1994-ல், அவர் இறந்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? மெட்டுக்கும் சொல்லுக்கும் சொந்தக்காரர் உண்டு. பின்பாட்டை அமைத்தவரும், தொடக்கத்துக் கித்தாரை வாசித்தவரும் எழுதியவர்களாகப் பதிவாகவில்லை. பதிவு இல்லாவிட்டால் பங்கு இல்லை. "நானும் ஒரு கை கொடுத்தேன்" என்பது பேச்சுக்குச் சரி. கணக்குப் புத்தகத்தில் அது ஏறாது.

பாங்கிக்குப் போனவர் யார்?

ஃபோர் டாப்ஸ் பாட்டு கலிபோர்னியாவிலும் ஒலித்தது. அப்போது பாரி மானும் சிந்தியா வைலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். தட்டு தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் அவர்களை அழைத்திருந்தார். "ரைட்டியஸ் பிரதர்ஸ்" என்ற இரட்டையருக்குப் பாட்டு வேண்டும். ஓட்டல் அறைக்கு வாடகைப் பியானோ வந்தது.

பிராட்வே ஜோடி டெட்ராய்ட் பாட்டில் மயங்கி, அதைப்போல ஒரு கெஞ்சல் பாட்டை எழுதத் தொடங்கியது. முதல் வரிகள் வந்தன. பல்லவிக்கு ஏதோ ஒரு சொற்றொடரை, இடம் நிரப்புவதற்காக வைத்தார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஸ்பெக்டர் கேட்டார். மாற்றவேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார். "யூ'வ் லாஸ்ட் தட் லவின் ஃபீலிங்" என்று அதுவே பாட்டின் பெயரும் ஆயிற்று. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாதது சில சமயம் பக்கத்தில் இருப்பவர் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. கூட்டு வேலையில் இது ஒரு லாபம்.

இரட்டையரில் பில் மெட்லிக்குக் கீழ்க்குரல். பாபி ஹாட்ஃபீல்டுக்கு மேல்குரல். முதல் சரணம் முழுவதும் மெட்லிக்கே போய்விட்டது. "அவன் பாடும்போது நான் என்ன செய்வது?" என்று ஹாட்ஃபீல்டு கேட்டார். நேரே பாங்கிக்குப் போகலாம் என்று ஸ்பெக்டர் பதில் சொன்னாராம்.

பாட்டு மூன்றே முக்கால் நிமிடம். அவ்வளவு நீளமான பாட்டை ரேடியோக்காரர்கள் போடமாட்டார்கள் என்று பயந்து, தட்டில் 3 நிமிடம் 5 வினாடி என்று ஸ்பெக்டர் அச்சடித்துவிட்டார்! ரேடியோக்காரர்களும் போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். 20-ம் நூற்றாண்டில் அமெரிக்க ரேடியோவிலும் டெலிவிஷனிலும் மிக அதிகமாக ஒலித்த பாட்டு அதுதான் என்று, பாட்டெழுதுவோருக்குப் பணம் வசூலித்துத் தரும் சங்கம் ஒன்று 1999-ல் அறிவித்தது. 80 லட்சம் தடவைக்கு மேல் ஒலித்திருந்தது.

80 லட்சம் தடவை! மான், வைல், ஸ்பெக்டர் மூவரும் எழுதியவர்களாகப் பதிவானவர்கள். ஒவ்வொரு தடவைக்கும் அவர்களுக்கும், பாட்டின் உரிமையை வைத்திருந்த கம்பெனிக்கும் பணம் போனது. சாதாரண ரேடியோவில் ஒலித்த தட்டுக்காக மெட்லிக்கும் ஹாட்ஃபீல்டுக்கும் எதுவும் போகவில்லை. பாங்கிக்குப் போனவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோக்காரர் சொல்லும் சமாதானம்

"நாங்கள் தட்டைப் போடுகிறோம். அதனால் தட்டு விற்கிறது. பாடகருக்கு மேடை வரும்படி கிடைக்கிறது. இலவசமாக விளம்பரம் செய்கிறோமே, இதற்கு மேல் பணமும் தரவேண்டுமா?" ரேடியோ முதலாளிகள் காலங்காலமாகச் சொல்வது இது.

புதிதாக வருகிற பாடகர் விஷயத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அறுபது வருடத்துக்கு முந்திய தட்டுக்கு என்ன விளம்பரம்? பாடியவர்களுக்கு முதுமை வந்துவிட்டது. மேடை ஏற உடம்பு இடம் கொடுக்காது. பழைய பாட்டைப் போட்டால் கேட்பவர்கள் கூடுகிறார்கள். அதனால் விளம்பர வரும்படி பெருகுகிறது. அந்த வரும்படி யார் குரலால் வந்தது? எழுதிய தாளை ரேடியோவில் காட்டியா கேட்பவர்களைப் பிடித்தார்கள்?

இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ரேடியோ பாடகருக்கும் பணம் தருகிறது. அங்கே ரேடியோ நிலையங்கள் மூடிப்போகவில்லை.

பாட்டெழுதியவர்களுக்குப் போவதைப் பிடுங்கித் தரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் சும்மா வாங்கவில்லை. பாட்டுக் கம்பெனி பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியைத்தான் எழுதிய இருவரோ மூவரோ பிரித்துக்கொள்வது வழக்கம். டெட்ராய்ட் மூவரே தங்கள் கம்பெனியோடு மனம் கசந்து வெளியேறி, 1968-ல் இரண்டு தரப்பும் கோர்ட்டுக்குப் போகவில்லையா? ஒரே முதலாளி தட்டுக் கம்பெனியையும், பாட்டு உரிமைக் கம்பெனியையும், பாடகரின் காரியங்களைக் கவனிக்கும் கம்பெனியையும் நடத்தினால், பாடகருக்காக முதலாளியிடம் வாதாடுவது யார்?

ஷிரெல்ஸ் பெண்களின் கதை இன்னும் வருத்தமானது. பாட்டு முதல் இடம் பிடித்தபோது அவர்கள் வயது வராத பெண்கள் என்று கணக்கு. 21 வயது நிரம்பியதும் தருவதாகச் சொல்லி, தங்கள் பணத்தைக் கம்பெனி தனி நிதியாக வைத்திருப்பதாக அவர்கள் நம்பியிருந்தார்கள். வயது வந்ததும் கேட்டார்கள். அப்படி ஒரு நிதியே இல்லை என்று தெரிந்ததாக அவர்கள் சொன்னார்கள். வழக்கு நடந்தது. கம்பெனியும் எதிர்வழக்குப் போட்டது. 1965-ல் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போயின. அதற்குள் ஊரில் புதிய குழுக்கள் வந்துவிட்டன. ஒரு பாட்டுக் குழுவுக்கு இரண்டு வருடம் என்பது ஒரு தலைமுறை.

அதே பாட்டைக் கரோல் கிங் 1971-ல் தாமே மெதுவாகப் பாடி "டேபஸ்ட்ரி" என்ற தட்டில் சேர்த்தார். அந்தத் தட்டு 15 வாரம் முதல் இடத்தில் நின்றது. அதில் யாருக்கும் வருத்தம் இருக்க நியாயம் இல்லை. அவருடைய பாட்டு, அவர் பாடினார். ஆனால் ஷெர்லி ஓவன்ஸ் பாடியதால்தான் அதை நாடு அறிந்தது என்பதும் உண்மை.

சட்டம் வந்த வழி

1995-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். கம்ப்யூட்டர் வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் வரும் புதுவகை ரேடியோ, பாடகருக்கும் பணம் தரவேண்டும் என்று வந்தது. 100 டாலர் வந்தால் 50 டாலர் தட்டின் உரிமைக்காரருக்கு. 45 டாலர் முக்கியப் பாடகருக்கோ குழுவுக்கோ. 5 டாலர் பின்பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும். ராபர்ட் ஒயிட் போன்றவர்களைச் சட்டம் கடைசியாக நினைத்துப் பார்த்தது.

ஆனால் அதிலும் ஒரு வேலி இருந்தது. 1972 பிப்ரவரிக்கு முன் பதிவான தட்டுகளுக்கு நாடு தழுவிய அந்தச் சட்டம் செல்லாது. ஷிரெல்ஸ், ஃபோர் டாப்ஸ், டெம்டேஷன்ஸ், ரைட்டியஸ் பிரதர்ஸ் எல்லோருடைய பெரிய பாட்டுகளும் அந்த வேலிக்கு வெளியே நின்றன. 2018-ல்தான் வேலியை எடுத்தார்கள். அதற்குள் ஆடி ஹாரிஸ், டோரிஸ் கோலி, டேவிட் ரஃபின், லீவை ஸ்டப்ஸ், பாபி ஹாட்ஃபீல்டு யாரும் உயிரோடு இல்லை.

சாதாரண ரேடியோ, அதாவது காரிலும் கடையிலும் பாடும் ரேடியோ, பழையபடியே இருக்கிறது. அதையும் மாற்ற 2021-ல் அமெரிக்கப் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. 2023-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அப்போதும் நிறைவேறவில்லை. சிறிய ரேடியோ நிலையங்கள் வருடத்துக்குச் சொற்பத் தொகை கட்டினால் போதும் என்று அந்த மசோதாவில் சலுகையும் இருந்தது. சிறு நிலையங்கள் நசுங்கிவிடும் என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில். பெரிய முதலாளிகள் அதற்குப் பிறகு சொல்ல என்ன காரணம் வைத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஜனங்கள்தான் கேட்கவேண்டும்.